பாஸக்கா பாஸ் போட்ட பவர் சப்ளை

பாஸக்கா ஒரு பொருளைப் பார்த்து "பாஸ்" என்று சொல்லிவிட்டால் அது திரும்பி வராது. இது அவளே சொல்லிக்கொண்ட பெருமை இல்லை, அவள் வேலை பார்த்த தொழிற்சாலையின் பதிவேடு சொன்னது. பதினாறு வருஷம் சோதனைப் பிரிவில் உட்கார்ந்து, வரிசையாக வரும் சார்ஜர்களையும் அடாப்டர்களையும் மீட்டர் வைத்துப் பார்த்து, பாஸ், ஃபெயில் என்ற இரண்டே வார்த்தையில் குடும்பத்தை ஓட்டியவள். அங்கே வைத்த பெயர்தான் பாஸக்கா. எங்கள் தெருவில் விவரம் தெரியாதவர்கள், வீட்டில் அவள் செய்யும் அதிகாரத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் ஒன்றும் பெரிய தப்பில்லை.

நான் பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். என் வீட்டில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும். அவள் வீட்டு முன்னறையில் பெரிய ஜன்னல், அதை ஒட்டிப் பழைய கதவுப் பலகையைப் போட்டுச் செய்த நீளமான மேஜை. பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது மாதிரிக் கைவேலைகளை அள்ளிக்கொண்டு அங்கே போய்விடுவேன். மேஜையின் ஒரு முனை எனக்கு, நடு அவளுக்கு, மறுமுனை அவள் வீட்டுக்காரருக்கு. மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்பது மட்டும்தான். மிச்சமெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்து காதில் வாங்கியது.

அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். விடியுமுன் போய் மதியம் ஒரு மணிக்கு வருவார். எத்தனை முறை கழுவினாலும் காதோர முடியில் மாவு இருக்கும். கையில் ஒரு பொட்டலம், அதில் அன்றைக்கு வெட்டி ஒதுக்கிய ரொட்டி ஓரங்கள். எனக்கும் ஒரு பங்கு உண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் நேரே மேஜைக்கு வந்துவிடுவார். அவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டது.

ஏழு மாசமாக அவர் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். மழைக்காலத்தில் மாவு சொல்பேச்சுக் கேட்காது என்பார். காற்றில் ஈரம் ஏறினால் ஒரு நாள் பொங்கி வழியும், இன்னொரு நாள் கல் மாதிரிக் கிடக்கும். அவருடைய பெட்டி சூட்டையும் ஈரத்தையும் அளக்கும், தொட்டியில் மாவு எத்தனை விரற்கடை எழும்பியிருக்கிறது என்று மேலிருந்து பார்க்கும், பதம் வந்ததும் கூவும். பேக்கரி முதலாளி வேலை நடக்கிற இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணன் நடந்து வந்த நடையைத் தெருவே பார்த்தது.

அக்காவின் தம்பி கடைவீதியில் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். கல்லூரிப் பிள்ளைகள், ரேடியோ மெக்கானிக்குகள், அண்ணனைப் போன்ற பைத்தியங்கள் எல்லாம் அங்கேதான் மொய்க்கும். அந்தக் கடையில் புதுச் சரக்கு எது வந்தாலும் வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா பாத்தாச்சா?" என்பதுதான். பார்த்தாச்சு என்றால் மறுபேச்சில்லை.

அப்படித்தான் ஒரு நாள் தம்பி, செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இத கொஞ்சம் பாரு. பெஞ்சு பவர் சப்ளை. பெரிய கம்பெனி பீஸ் விலையில மூணுல ஒரு பங்குதான்."

"விலை கொறைஞ்சா எங்கயோ கைய வெச்சிருப்பான்" என்றாள் அக்கா.

"அது எங்கன்னு கண்டுபிடிக்கத்தான் உங்கிட்ட வந்தேன். நூத்திருவது பீஸ் வந்து எறங்கியிருக்கு. பசங்க தினம் வந்து கேட்டு உயிர எடுக்கறாங்க."

"இது என்ன பண்ணும்?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"சுவத்துல வர்ற கரண்ட வாங்கி, உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் அளந்து குடுக்கும்" என்றாள் அக்கா. "அஞ்சு வோல்ட் வேணும்னா அஞ்சு. அஞ்சரை குடுத்தா ஃபெயில்."

இரண்டு நாள் அவள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றாள். முதலில் திருகைக் கழற்றி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மூக்குக்குத் தெரியாத கோளாறு மீட்டருக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. எர்த் வயர் தகரத்தோடு இறுகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். ஐந்து வைத்து மீட்டரில் பார்த்தாள், ஒன்பது, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று ஏற்றிக்கொண்டே போனாள். ஸ்கூட்டரின் முன்விளக்கு பல்பை மாட்டி நாலு மணி நேரம் எரியவிட்டு, பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணினாள். பிளஸ்ஸையும் மைனஸையும் வேண்டுமென்றே முட்டவிட்டாள். தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த பழைய ஸ்கோப் ஒன்று அவளிடம் உண்டு. உள்ளே விசிறி கடகடவென்று ஓடும், திரை விழித்துக்கொள்ளவே ஐந்து நிமிஷம் ஆகும். மின்சாரம் எப்படி வருகிறது என்பதை அது பச்சைக் கோடாகப் போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள். கோடு அசையவில்லை.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். கை ஒருபோதும் தடுமாறாது. முதலில் சப்ளையைப் போடுவாள், எண் நிலைக்கும்வரை காத்திருப்பாள், பிறகுதான் வயரை மாட்டுவாள். முடித்ததும் முதலில் வயரைக் கழற்றுவாள், பிறகுதான் சுவிட்சை அணைப்பாள். "இது தொழிற்சாலைல மொத நாள் சொல்லிக் குடுத்தது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கை அப்படித்தான் போகும்" என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் தாள் நிறைய எண்களை எழுதி, அடியில் "பாஸ்" என்று போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

"திருகற நாப் கொஞ்சம் ஆடுது. மத்தபடி இந்த விலைக்கு இது தங்கம். தைரியமா வித்துக்கோ" என்றாள் தம்பியிடம்.

தம்பிக்கு வாயெல்லாம் பல். "மாமா, இந்த பீஸ் உங்களுக்கு. கடைல மொத பில்லே உங்க பேர்லதான் போடப்போறேன், காசு வாங்காம" என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் பெட்டியைத் தன் முனைக்கு நகர்த்திக்கொண்டு, எண் ஐந்துக்கு வந்ததும் நாப் திரும்பாதபடி மேலே டேப் ஒட்டிவைத்தார்.

எட்டு நாள் அதில் சின்ன பல்பு, மோட்டார் என்று மாட்டிப் பார்த்தார். ஒன்பதாம் நாள்தான் தன் பெட்டியை மாட்டினார், அதுவும் நன்றாகத்தான் ஓடியது. பத்தாம் நாள் நான் பட்டன் டப்பாவோடு உள்ளே நுழையும்போது அண்ணன் தன் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் எரிய வேண்டிய சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"நேத்து நல்லாத்தான் ஓடுச்சு. ராத்திரி சாப்பிடப் போகும்போது அணைச்சேன். இன்னிக்கு உசுரே இல்ல" என்றார்.

அக்கா எழுந்து வந்து மீட்டரை வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சிப்பு போயிடுச்சு. அஞ்சு வோல்ட்டுக்கு மேல குடுத்திருக்கீங்க."

"அஞ்சுலதான் வெச்சேன்."

"கைபட்டு நாப் திரும்பியிருக்கும்."

"டேப் ஒட்டியிருக்கே, பாரு."

"அப்ப பிளஸ் மைனஸ மாத்திக் குடுத்திருப்பீங்க."

"ஏழு மாசமா மாத்தாதவன் நேத்து மட்டும் மாத்துவேனா?"

"பின்ன எப்படிப் போச்சு? தானா போச்சா? நான் பாத்த பீஸ் அது. என் பீஸ் தப்பு பண்ணாது."

"நான் பண்ணேன்னு சொல்றியா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அக்கா நிறுத்தவில்லை.

"மாவு பிசையற கைக்கு இந்த மெல்லிசு வேலை வராதுங்க. நான் அன்னிக்கே நினைச்சேன், சொல்லல."

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். அகலமான, விரல் தடித்த கைகள்தான். உள்ளே போய் ஒரு ரொட்டி அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, தன் முனையில் இருந்த வயர், ஈயச் சுருள், இடுக்கி, செத்துப்போன பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதில் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்த மேஜையில் அவர் முனையில் சப்ளை மட்டும் மிஞ்சியது. எனக்கு அக்கா மேல் கோபமாக வந்தது. அடுத்த வீட்டு விவகாரம் என்று வாயை மூடிக்கொண்டேன், ஆனால் அன்றைக்கு வைத்த பட்டன்களை மறுநாள் பிரித்துத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

பிறகு ஐந்து நாள் அந்த வீட்டில் பேச்சு என்பது "சோறு", "போதும்", "கதவ சாத்து" என்ற அளவுக்குச் சுருங்கியது. ரொட்டி ஓரம் மட்டும் தவறாமல் வந்தது. அண்ணன் தூங்கி எழுந்ததும் வாசலில் நின்று மழையைப் பார்ப்பார். பேக்கரியில் முதலாளி பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, "அது சரிப்பட்டு வராதுங்க" என்று சொல்லிவிட்டதாக என்னிடம் மட்டும் சொன்னார். அக்கா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு தன் பக்கம் என்றால் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இந்தத் தடவை அதுவும் கூடவில்லை. தான் பார்த்தது சரி என்று அவள் அவ்வளவு உறுதியாக இருந்தாள்.

ஆறாம் நாள் காலையில் தம்பி போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணுமில்ல, சும்மா சொல்றேன். அந்த சப்ளை வாங்கின காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான். அவன் போர்டு போயிடுச்சாம். எதையாவது தப்பா மாட்டியிருப்பான், விடு."

அக்காவின் கை நின்றது. "எத்தனை வோல்ட்ல வெச்சிருந்தான்?"

"அஞ்சுன்னுதான் சொல்றான். நான் நம்பல."

"எத்தனை பீஸ் போயிருக்கு வெளியில?"

"பன்னெண்டு. ஏன்க்கா?"

"இனிமே ஒண்ணும் குடுக்காத. நான் சொல்ற வரைக்கும்."

கீரையை அப்படியே வைத்துவிட்டு, அண்ணன் முனையில் கிடந்த சப்ளையை இழுத்துவைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். காலை முழுக்கச் சோதனை. ஐந்து வைத்தால் ஐந்துதான் வந்தது. பல்பு எரிந்தது, முதுகு சுடவில்லை, பச்சைக் கோடு அசையவில்லை. மத்தியானம் ஆனபோது அவள் முகத்தில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"பாத்தியா? இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள் என்னிடம்.

"ரெண்டு பேருக்குமா கை சரியில்ல?" என்றேன். கொஞ்சம் கோபத்தில் வந்த வார்த்தைதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு மணிக்கு அண்ணன் நனைந்துகொண்டு வந்தார். பொட்டலத்தை வைத்தார். அவர் துண்டை எடுப்பதற்குள் அக்கா கேட்டாள்.

"அன்னிக்கு என்ன பண்ணீங்களோ, அத அப்படியே செஞ்சு காட்டுங்க."

"எதுக்கு? எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு கண்டுபிடிச்சுத் திட்டவா?"

"ஆமா. எடம் தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

"நான் மாவு பிசையறவன்ம்மா. என்ன விட்டுடு."

"அண்ணே, உக்காருங்கண்ணே" என்றேன் நான். "நீங்க பண்ணது தப்பில்லன்னா அதுவும் தெரிஞ்சு போகட்டுமே."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். செத்த பெட்டிக்குப் பதிலாக அக்கா ஒரு பழைய போர்டை வைத்து, ஸ்கோப்பின் கம்பியையும் அதிலேயே மாட்டியிருந்தாள். அண்ணன் வயரை மாட்டினார், சுவிட்சைப் போட்டார். திரையில் பச்சைப் புள்ளி மெதுவாக ஊர்ந்து கோடு போட்டது. ஐந்து. நேர்கோடு.

"இப்படியே ஒரு மணி நேரம் ஓடுச்சு" என்றார்.

"சரி. அப்புறம்?"

"அப்புறம் நீ சாப்பிடக் கூப்பிட்டே." எழுந்தார். சுவருக்குப் போனார். முழங்கையை மடித்து, சுவிட்சில் ஓர் இடி இடித்து அணைத்தார்.

"அது என்ன முழங்கையால?"

"பேக்கரில எல்லாரும் அப்படித்தான். கை பூரா மாவு இருக்கும், சுவிட்ச விரலால தொட முடியுமா? இருவத்தஞ்சு வருஷப் பழக்கம்."

"வயர கழட்டாமயா அணைச்சீங்க?"

"எதுக்கு கழட்டணும்? விளக்க அணைக்கும்போது பல்ப கழட்டிட்டா அணைக்கிற?"

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அவள் கண் திரையில் இருந்தது. நானும் பார்த்தேன். கோடு கீழே இறங்கி அடங்கவில்லை. அடங்குவதற்கு முன் ஒரு துள்ளு துள்ளி, திரையின் உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் விழுந்திருந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.

அவர் போட்டார், அணைத்தார். ஒன்றுமில்லை. கோடு சமர்த்தாக இறங்கியது.

"இன்னொரு தடவ."

துள்ளியது.

பத்துத் தடவை செய்யச் சொன்னாள். ஏழு தடவை துள்ளியது. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் சிப்பு சாகக் கண் இமைக்கும் நேரம் போதும் என்றாள். எனக்கு விளங்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் பால் ஊத்தறவன், இன்னொருத்தன் பக்கத்துல நின்னு போதும் போதும்னு சொல்றவன். கரண்ட நிறுத்தினா ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கணும். இதுல போதும்னு சொல்றவன் மொதல்ல தூங்கிடறான். ஊத்தறவனுக்கு இன்னும் தெம்பு இருக்கு, கேக்க ஆள் இல்ல, ஊத்தித் தள்ளிடறான்."

"நீ எப்படிக்கா அத பாக்கல?"

"நான் வயர கழட்டிட்டுத்தானே அணைப்பேன்" என்றாள். சொல்லும்போது குரல் இறங்கியது. "பதினாறு வருஷமா கழட்டிட்டுத்தான் அணைக்கிறேன். அவன் ஊத்தறப்ப கீழ பாத்திரமே இருக்காது. எனக்கு எங்கேர்ந்து தெரியும்?"

சோதித்துப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஒழுங்காகச் செய்பவர்கள். வாங்குகிறவர்களோ இடிப்பார்கள், உதைப்பார்கள், பிளக்கைப் பிடுங்குவார்கள். அக்காவின் ஒழுங்குதான் அக்காவை ஏமாற்றியது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜெயித்த முகத்தோடு இருப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரோரம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, "பத்து போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

அக்கா சப்ளையின் மூடியைக் கழற்றினாள். சோறு ஆறியது, யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே விரலால் தடவித் தடவிப் பார்த்து, கரண்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும், சுண்டுவிரல் நகத்தளவு இருந்த ஒரு கெப்பாசிட்டரைச் சுட்டிக்காட்டினாள். போதும் என்று சொல்பவனுக்குக் கட்டிக்கொடுத்த சோறு அதுதானாம். காசை மிச்சம் பிடிக்கக் கம்பெனிக்காரன் சின்னதாகப் போட்டிருக்கிறான் என்றாள். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அதை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் அளவில் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாள். மேஜையில் ஈயப் புகை ஒரு சுருள் எழும்பியது.

"இப்ப இடிங்க."

அண்ணன் இடித்தார். கோடு சமர்த்தாக இறங்கியது. ஐம்பது தடவை இடித்தார். பாதியில் வலக்கை வலித்து இடக்கைக்கு மாறினார். ஒரு தடவைகூடத் துள்ளவில்லை.

சாயங்காலம் தம்பி கடையின் பில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். மழை விட்டு ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. அக்கா அவனை உட்காரக்கூடச் சொல்லாமல் திரையைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இவ்வளவுதானே? வயர கழட்டிட்டு அணைக்கவும்னு ஒரு தாள் அடிச்சு பெட்டில போட்டுடறேன்."

"எவன் படிப்பான்? அதுல ஏற்கெனவே ஒரு தாள் இருந்துச்சே, நீ படிச்சியா?"

"இல்ல."

"நானும் படிக்கல."

"அக்கா, விலைக்குத் தகுந்த பொருள்தானே இது? எல்லா சீப் சப்ளையும் கொஞ்சம் முன்ன பின்ன இப்படித்தான் இருக்கும். ஆனைக்கும் அடி சறுக்கும். நீ ஏன் மனசப் போட்டு ஒழப்பிக்கறே?"

"ஆனை சறுக்கினா ஆனைக்குத்தான் அடி. நான் சறுக்கினா பன்னெண்டு பேருக்கு அடி. ஒவ்வொருத்தனும் அக்கா பாத்தாச்சான்னு கேட்டுட்டுத்தானே வாங்கினான்?" அவள் குரல் உயர்ந்தது. "கடைல இருக்கிற நூத்தி எட்டையும் கொண்டு வா. நாலு திருகு, ஒரு கெப்பாசிட்டர். நாளுக்கு இருவது முடிச்சுடுவேன்."

"அத்தனையும் நீ ஒருத்தியாவா?"

"நான் திருகு கழட்டறேன் மாப்ள" என்றார் அண்ணன். எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"வித்தது?" என்றான் தம்பி. "கடைலேர்ந்து பையன விட்டு போன் பண்ணச் சொல்றேன். சின்ன சர்வீஸ் இருக்கு, கொண்டு வாங்கன்னு சொன்னா வந்துடுவாங்க. தப்பு கிப்புன்னு எதுவும் வேண்டாம். அக்கா பாத்ததுன்னு சொன்னாத்தான் கடையே ஓடுது. நீயே தப்புன்னு சொல்லிட்டா, நாளைக்கு நீ பாஸ்னு சொன்னா எவன் நம்புவான்?"

இந்தக் கேள்வி அவளுக்கும் வலித்தது. பதினாறு வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பி வராதவள். அந்த ஒரு பேச்சில்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். கையில் இருந்த திருப்புளியை மேஜையில் வைத்தாள்.

"பாஸ் போட்டது யாரு?" என்றாள்.

"நீதான்."

"அப்ப போனும் நான்தான் பண்ணணும். பில் புக்க குடு."

தம்பி பில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, இதைக் காதால் கேட்க முடியாதவனைப் போல வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பில்லிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை வெளியே இழுத்து இடுக்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வணக்கங்க. நீங்க வாங்கின பவர் சப்ளைய சோதிச்சுப் பாத்தவ பேசறேன். ஆமா, அந்த அக்காதான். நான் பாஸ் போட்டது தப்புங்க. சுவிட்ச அணைக்கும்போது வோல்ட் எகிறுது. உங்க பொருள் எதுவும் மாட்டி வெச்சிருந்தா கழட்டிடுங்க. கடைல குடுங்க, நான் சரி பண்ணித் தரேன். மன்னிச்சுக்கோங்க."

எங்கே தடுமாறுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. தொழிற்சாலையில் ஃபெயில் என்று சொல்வாளே, அதே குரல். இரண்டாவது ஆள் நல்ல வேளை சொன்னீங்க என்றான். நாலாவது ஆள் ரேடியோ மெக்கானிக், அவர் கத்தினார். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதாங்க" என்றாள். போர்டு போன காலேஜ் பையனிடம், "உன் மேல தப்பில்லப்பா. புது போர்டு நான் வாங்கித் தரேன்" என்றாள். ஏழாவதாக ஒரு பெண் பேசினாள். தம்பி கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள், இனிமேல் நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது என்று.

"அப்படியே நம்பிட வேண்டாம்மா. நீங்க வாங்க. உங்க கையாலயே போட்டு, நீங்க எப்படி அணைப்பீங்களோ அப்படி அணைச்சுப் பாருங்க. உங்களுக்குத் திருப்தியானா எடுத்துட்டுப் போங்க" என்றாள். அதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாளோ, அக்கா லேசாகச் சிரித்தாள். "கண்டுபிடிச்சது நான் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர். பேக்கரில வேலை."

அண்ணன் இடுக்கியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். எட்டாவது ஆளிடமும் அக்கா அதைச் சொன்னாள். ஒன்பதாவது ஆள் கேட்காமலே அவனிடமும் சொன்னாள். பத்து, பதினொன்று.

"போதும்மா. எனக்கே கூச்சமா இருக்கு" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றாள் அக்கா, பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. முதல் பில்லுக்கு வந்தாள். பிறகு எண்களை அழுத்தினாள்.

அண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு முழ தூரத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, காதில் போனை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

அண்ணன் போனை எடுத்தார். "சொல்லுங்க."

"வணக்கங்க. நீங்க வாங்கின பவர் சப்ளைய சோதிச்சுப் பாத்தவ பேசறேன்."

"ம்."

"நான் பாஸ் போட்டது தப்புங்க. உங்க பொருள் ஏதாவது கெட்டுப் போச்சுங்களா?"

"ஒண்ணு போச்சுங்க. ஏழு மாசம் செஞ்சது."

பதினொரு பேரிடம் தடுமாறாதவள் இங்கே நின்றுவிட்டாள்.

"அதுக்கு உங்களத்தான் திட்டினேன்" என்றாள்.

"திட்டினீங்க."

"கையச் சொல்லித் திட்டினேன்."

அக்கா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அந்தக் கை இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. நூத்திருவதும் வெளிய போயிருக்கும். மன்னிச்சுக்கோங்க."

"சரிங்க" என்றார் அண்ணன். "சிப்பு ஒண்ணு வேணும்."

"நாளைக்கு வந்துடும்."

"முதலாளிகிட்ட வேற சரிப்பட்டு வராதுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

"அவர்கிட்டயும் நான் பேசறேன்."

"வேண்டாம். அத நான் பேசிக்கறேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா போனில்.

"இன்னும் இல்லைங்க. மத்தியானத்துலேர்ந்து இடிச்சுட்டு இருக்கேன்."

"வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் போனை வைத்து எழுந்து தட்டு எடுக்கப் போனாள்.